மீதி எப்போதும் ஒன்று

கவிப்பிரியாவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விடு என்று யாராவது சொன்னால் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வாள். சின்ன வயதில் அந்த ஸ்விட்சைத் தொடாதே என்று அம்மா சொன்ன ஒரே காரணத்துக்காக வீட்டில் ஒரு மிக்ஸி புகைந்து போனது. பன்னிரண்டாம் வகுப்பில் அதே பழக்கம் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்திருந்த நேரம். கணக்கு எடுக்கும் லூர்தம்மாள் மிஸ் பாடங்களின் எண்களைப் போர்டில் எழுதி, எதைப் படித்தால் எவ்வளவு மார்க் என்று சந்தையில் விலை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு வந்தார். அணிகள் கட்டாயம். கலப்பெண்கள் கட்டாயம். தொகைநுண்கணிதம் வருகிறவர்கள் செய்யலாம், வராதவர்கள் அழ வேண்டாம். கடைசியில் பன்னிரண்டாம் பாடத்துக்கு வந்தார்.

“இதுல ட்ரூத் டேபிள் போட்டுப் பழகிக்குங்க, மார்க் கையில. அதுக்கப்புறம் மாடுலோ, மட்டு எண்கணிதம்னு ஒண்ணு வருது பாருங்க, அத சாய்ஸ்ல விட்டுடுங்க. டைம் இல்ல.”

வகுப்பு மொத்தமும் நிம்மதியாக அந்தப் பக்கங்களில் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டது. கவிப்பிரியாவும் போட்டாள். போட்ட கோட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அன்று மதியமே படிக்கவும் ஆரம்பித்துவிட்டாள்.

விஷயம் ரொம்பச் சின்னது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் மூன்றால் வகு, மீதியை மட்டும் வைத்துக்கொள், மற்றதைத் தூக்கிப் போடு. அப்படிப் பார்த்தால் உலகத்தில் மொத்தமே மூன்று எண்கள்தான்: பூஜ்யம், ஒன்று, இரண்டு. இரண்டோடு ஒன்றைக் கூட்டினால் மூன்று வராது, திரும்பப் பூஜ்யத்துக்கே வந்துவிடும். முடிவில்லாத எண்கள் அத்தனையும் மூன்றே பெட்டிக்குள் அடங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே மனசில் ஓர் அரிப்பு. இந்தச் சுற்றலை எங்கேயோ பார்த்திருக்கிறோமே, எங்கே?

சாப்பாட்டு டப்பாவை மூடும்போதுதான் பொறி தட்டியது. வீட்டில் பார்த்தது. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட்.

அவள் அப்பா மோகனுக்கு ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அம்மா ரஞ்சனிக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி. இரண்டு இடத்திலும் ஒரே வழக்கம்தான். ஒரு வாரம் ஏ, காலை ஆறு மணிக்கு. அடுத்த வாரம் பி, மதியம் இரண்டு மணிக்கு. அதற்கடுத்த வாரம் சி, ராத்திரி பத்து மணிக்கு. பிறகு மறுபடியும் ஏ. இதில் அம்மா எப்போதும் அப்பாவுக்கு ஒரு ஷிப்ட் முன்னால் இருந்தாள். அப்பா ஏ என்றால் அம்மா பி. அப்பா பி என்றால் அம்மா சி. வாராந்திர லீவாவது ஒன்றாக வரக்கூடாதா? அவருக்கு ஞாயிறு, அவளுக்குப் புதன். ஒருவர் விழித்திருக்கும்போது இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது கம்பெனி பஸ்ஸில் இருப்பார். கேஸ் தீர்ந்தது, கரண்ட் பில் கட்டியாச்சா என்பதெல்லாம் போனில்தான்.

மூன்று வாரத்தில் ஒரு வாரம் மட்டும் சாயங்காலம் இருவரும் வீட்டில் இருப்பார்கள். அப்பாவுக்கு சி, அம்மாவுக்கு ஏ வரும் வாரம். அப்பா பகலெல்லாம் தூங்கி வீங்கிய கண்ணோடு எழுந்திருப்பார். அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து ஓடி, நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வந்திருப்பாள். இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் அப்போது வெளியே வரும், வருகிற வேகத்தில் பாதி உடைந்தும் போகும். அதற்கு சண்டை வாரம் என்று பெயர் வைத்தவள் கவிப்பிரியாதான். கேட்டால் அப்பா ஒரே பதில் சொல்வார்: “ஷிப்ட்டு சுத்திக்கினேதான கீது. ஒரு நாளு ரெண்டு பேருக்கும் ஒண்ணா வந்து நிக்கும் பாரு.” லைனில் வேலை செய்யும் எல்லோருமே இப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். சுற்றுகிற எதுவும் என்றைக்காவது ஒத்து வந்தே தீரும் என்பதில் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அப்படியொரு நம்பிக்கை.

போன சண்டை வாரத்தில் அம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “இவ பரிட்ச முடியட்டும். நா குன்றத்தூர்ல அக்கா வூட்டாண்ட போயிடறேன். அங்கேர்ந்தும் கம்பெனி பஸ்ஸு வருது. இங்க நா இருந்தாலும் ஒண்ணுதான், இல்லனாலும் ஒண்ணுதான்.” அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அதிலிருந்து கவிப்பிரியா பரிட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுவதையே நிறுத்திவிட்டாள். முடிந்தால் வீடு பிரியும் என்கிற பரிட்சையை யார்தான் ஆசையாக எழுதுவார்கள்?

ஆகவே அப்பா சொன்ன அந்த ஒரு நாள் எப்போது வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். சாயங்காலம் ஷேர் ஆட்டோவுக்காக நிற்கும்போது சந்திரலேகாவையும் இழுத்துக்கொண்டாள். சந்திரலேகா கோவில்பட்டிக்காரி. அவள் அப்பா இங்கே வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. கணக்கில் கெட்டிக்காரி, எதையும் ஒரே தடவையில் நம்பமாட்டாள்.

பஸ் நிறுத்தத்துச் சுவரில் தூசி கனமாகப் படிந்திருந்தது. கவிப்பிரியா விரலால் எழுதினாள். ஏ என்றால் பூஜ்யம், பி ஒன்று, சி இரண்டு. ஒரு வாரம் போனால் ஒன்றைக் கூட்டு. மூன்று வந்தால் பூஜ்யம் என்று வை.

“இந்த வாரம் அப்பா ரெண்டு, அம்மா பூஜ்யம். அடுத்த வாரம் அப்பா பூஜ்யம், அம்மா ஒண்ணு. அதுக்கடுத்து ஒண்ணு, ரெண்டு. அப்புறம் மறுபடியும் ரெண்டு, பூஜ்யம்.”

“இன்னுங் கொஞ்சம் எழுது. எங்கியாச்சும் சேந்து வரும்லா?”

எழுதினாள். சுவரில் இடம் போதவில்லை. பிறகுதான், எழுத வேண்டிய அவசியமே இல்லை என்பது மண்டையில் ஏறியது. அம்மாவின் எண்ணிலிருந்து அப்பாவின் எண்ணைக் கழித்தால் ஒன்று; அம்மா பூஜ்யம் என்றால் அதை மூன்றாக எடுத்துக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த வாரம் இரண்டு பேருக்கும் ஒன்று கூடுகிறது, கழித்தால் கூடியது அடிபட்டுப் போய்விடுகிறது. மீதி மறுபடியும் ஒன்று. எந்த வாரத்தை எடுத்தாலும் ஒன்று.

“ஏட்டி, அப்பம் நூறு வருசம் சுத்துனாலும்?”

“நூறு வருஷம் சுத்துனாலும் சேராது. சுத்தறதுனாலதான் சேராது.”

சந்திரலேகா தன் பங்குக்கு ஒரு தடவை விரலால் போட்டுப் பார்த்தாள். “ஆமாட்டி,” என்றாள், குரல் இறங்கிப்போய்.

ஒரு கணம் கவிப்பிரியாவுக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. பதில் வந்ததற்காக அல்ல. எல்லா வாரத்தையும், இன்னும் வராத வாரங்களையும்கூட, ஒரே வரியில் பிடித்துவிட்டோமே என்று. இதுவரை போட்ட கணக்கெல்லாம் யாரோ கேட்ட கேள்விக்கு. இது அவள் கேட்டது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், தான் நிரூபித்துவிட்டது என்ன என்பது உறைத்தது. அப்பா இத்தனை வருஷமாகக் காத்திருக்கிற அந்த நாள் கிடையாது. குன்றத்தூர்தான் விடை.

மறுநாள் மிஸ்ஸிடம் போய் நின்றாள். வீட்டுக் கதையைச் சொல்லவில்லை, ஷிப்ட் கணக்கை மட்டும் சொன்னாள். மிஸ் போர்டை அழித்துக்கொண்டே கேட்டார்.

“நல்லா போட்டிருக்க. ஆனா இது பரிட்சைக்கு வராதும்மா,” என்றவர் டஸ்டரோடு அப்படியே நின்றுவிட்டார். “இரு, இரு. ஒருத்தர் எதிர்ப்பக்கமா சுத்துனா? ஏ, சி, பின்னு?”

இருவருமாகப் போட்டார்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கட்டாயம் சேர்ந்துவிடும். மிஸ்ஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, ராட்டினத்துக்கு டிக்கெட் கிடைத்த பிள்ளை மாதிரி. அடுத்த வகுப்புக்கு மணி அடித்ததுகூட அவர் காதில் விழவில்லை. “கம்பெனியத் திருப்பிச் சுத்தச் சொல்ல முடியாது மிஸ்,” என்றாள் கவிப்பிரியா. “ஆனா ஒரே ஒரு தடவ, ஒருத்தர் மட்டும் ஒரு ஷிப்ட் தாண்டிட்டா?”

“வித்தியாசம் பூஜ்யம் ஆயிடும்.”

“அப்புறம்?”

“அப்புறம் எப்பவும் பூஜ்யம்தான். அதே ரூல்தானே,” என்று சொல்லிவிட்டு மிஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தார். “யாரோட ஷிப்ட்டும்மா இது?”

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

புதன்கிழமை அம்மாவுக்கு லீவு. சாயங்காலம் அப்பா எழுந்து முகம் கழுவி வந்தார். இருவரும் ஒரே அறையில் இரண்டு மூலையில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். கவிப்பிரியா நடுவில் மூன்று சாப்பாட்டுத் தட்டுகளை வட்டமாக வைத்தாள்.

“இன்னாடி இது, விருந்தா?” என்றாள் அம்மா.

“இது ஏ, இது பி, இது சி. டம்ளரக் குடுங்க.”

அப்பாவின் டம்ளரை சி தட்டில் வைத்தாள். அம்மாவுடையதை ஏ தட்டில். “ஒரு வாரம் போச்சு. ரெண்டு பேரும் நகத்துங்க.”

விளையாட்டு என்று நினைத்து நகர்த்தினார்கள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “இன்னும் கொஞ்சம் சுத்துனா புடிச்சிடுவேன்,” என்று வேகம் கூட்டினார். அம்மாவும் விடவில்லை. டம்ளர்கள் தட்டுக்குத் தட்டு கிணுகிணு என்று ஓடின. அம்மா சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று கவிப்பிரியாவுக்கு நினைவில்லை.

“புடிக்க முடியாதுப்பா. ரெண்டு பேரும் ஒரே பக்கம், ஒரே அளவு நடக்கறீங்க. வித்தியாசம் ஒண்ணு. இன்னிக்கும் ஒண்ணு, நீங்க ரிட்டையர் ஆகற அன்னிக்கும் ஒண்ணு. தானா சேரவே சேராது.”

அப்பா டம்ளரைப் பிடித்தபடியே இருந்தார். இன்னொரு சுற்று தனியாக, மெதுவாக நகர்த்திப் பார்த்தார். கடைசியில் கையை எடுத்துவிட்டார்.

“எனக்கு ஒண்ணுதான் புரியல,” என்றாள் அவள். உண்மையில் மூன்று நாளாக அவளைக் குடைந்துகொண்டிருந்தது இதுதான். “சுத்தறதுனால இந்த ஒண்ணு வரல. சுத்தறது அத மாத்தவே மாத்தாது. அப்போ ஆரம்பத்துலயே இருந்திருக்கணும். எங்கேர்ந்து வந்துச்சு? வேலைக்குச் சேந்த அன்னிக்கே இப்படித்தானா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா எழுந்து சமையல் மேடைக்குப் போய், அலமாரியில் பின்னால் கிடந்த ஒரு குட்டி டம்ளரை எடுத்து வந்தாள். கவிப்பிரியா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பால் குடித்தது. அதை மூன்று தட்டுக்கும் நடுவில் வைத்தாள்.

“நீ இங்க இருந்த,” என்றாள்.

“புரியலம்மா.”

“அப்போ எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட்டுதான்டி. நீ ஒண்ணாவது படிச்சிக்கினு இருந்த. பக்கத்து வூட்டு காவேரிதான் உன்னப் பாத்துக்கினா. அவ பிரசவத்துக்கு அவங்கம்மா வூட்டுக்குப் போயிட்டா. ஸ்கூல் வுட்டு வந்தா வூடு பூட்டிக் கெடக்கும். ஒரு நாளு நீ வாசப்படில உக்காந்து, பையத் தலைக்கு வச்சிக்கினு தூங்கிட்ட.”

“நா போயி சூப்பர்வைசர் கால்ல விழாத கொறையா பேட்ச் மாத்திக்கினு வந்தேன்,” என்றார் அப்பா. “யாருனா ஒருத்தரு வூட்ல இருக்கணும்ல. ஒரு மாசத்துக்குன்னுதான் மாத்துனேன். காவேரி வர்ற வரைக்கும். அப்பால ஷிப்ட்டு சுத்த சொல்ல தானா சேந்துடும்னு நெனச்சேன்.”

கம்பெனியில் ஆட்கள் மாறினார்கள், லைன் மாறியது, காவேரி அக்காவின் பிள்ளையே இப்போது ஆறாவது படிக்கிறான். பேட்ச் மட்டும் மாறவில்லை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை, தானாக மாறும் என்று காத்துக்கொண்டிருந்ததால்.

கவிப்பிரியா குட்டி டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்துச் சுவரில் அப்பாவுக்கு ஒரு எண் போட்டாள், அம்மாவுக்கு ஒரு எண் போட்டாள். தனக்கு ஒன்று போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் பள்ளிவிட்டு வந்து ஒரு நாள்கூட அவள் பூட்டைத் திறந்ததில்லை. சாவி என்று ஒன்று தனக்கு வேண்டும் என்றே நினைத்ததில்லை. எப்போது வந்தாலும் உள்ளே யாராவது இருப்பார்கள், தூங்கிக்கொண்டாவது. வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் போலும் என்று இருந்துவிட்டாள்.

“இத்தினி வருசமும் இந்த மனுசன் மாறிட்டாருன்னு நெனச்சிக்கினு கீறேன்,” என்றாள் அம்மா, யாரிடம் என்றில்லாமல்.

“நானும் உன்ன அதான் நெனச்சேன்,” என்றார் அப்பா.

இதற்கும் ஒரு சண்டை வந்துவிடுமோ என்று கவிப்பிரியா பயந்தாள். வரவில்லை. அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டுகளை அடுக்கினாள்.

“ஒரே ஒரு தடவ மாத்திக்கினா போதும்ப்பா. அடுத்த வாரம் ஏவுக்குப் போகாம பிக்குப் போங்க.”

“அது பெரிய விசயம் இல்ல. மணிகண்டபிரபுன்னு ஒரு பையன், தென்காசிக்காரன், அவனுக்கு அடுத்த வாரம் பி. அவன் ரூம் பசங்க எல்லாம் நம்ம பேட்ச்சு. எப்போடா மாத்திக்கலாம்னு என்கிட்ட கேட்டுக்கினே இருக்கான். ஆனா ரெண்டு பேரும் சி வர்ற வாரம், நீ ராத்திரில தனியா…”

“காவேரி அக்கா வந்து படுத்துக்குவாங்க. இல்லனா சந்திரலேகாவக் கூப்ட்டுக்கறேன், படிக்கணும்.”

“பயந்துக்க மாட்டியே?”

பயமாகத்தான் இருந்தது. “மாட்டேன்,” என்றாள். “அம்மா, குன்றத்தூர்?”

அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் குட்டி டம்ளரைக் கழுவினாள். “மொதல்ல பேட்ச் மாறட்டும். அப்புறம் பாக்கலாம்.”

அதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. அப்பா மறுநாள் சாயங்காலம் எழுந்ததும் ஒரகடம் ஜங்ஷனுக்குப் போய் மூன்றாவது சாவி ஒன்று வெட்டிக்கொண்டு வந்து, ஒரு சிவப்பு நூலில் கோத்து அவள் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை. இருவருக்கும் பி ஷிப்ட். கவிப்பிரியா பள்ளிவிட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. புதுச் சாவி கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு திரும்பியது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அம்மாவின் குறட்டை இல்லை, அப்பா தூங்கும்போது வைக்கும் டேபிள் ஃபேனின் இரைச்சல் இல்லை. சாதம் மூடியிருந்தது. கழுவிய இரண்டு டம்ளர்கள் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்ந்திருந்தன. இரண்டும் ஒரே நேரத்தில் குடிக்கப்பட்டு, ஒரே நேரத்தில் கழுவப்பட்டவை.

சுவரோரமாக உட்கார்ந்தாள். இந்த அமைதியைத்தான் இவ்வளவு காலம் தன் பக்கம் வரவிடாமல் இரண்டு பேரும் மாறி மாறிப் பிடித்துவைத்திருந்தார்கள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. யாரும் இல்லாததால் தாராளமாக அழுதாள். அழுது முடித்துப் புத்தகத்தை எடுத்து, குறுக்குக்கோடு போட்ட பக்கத்தைத் தேடி, கோட்டை ரப்பரால் அழித்தாள்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. அம்மா. கேன்டீன் பிரேக்.

“வந்துட்டியா? உள்தாப்பாள் போட்டுக்கினியா? சாதம் இருந்துச்சா?”

“சாப்ட்டேம்மா. தாப்பாளும் போட்டுட்டேன்.”

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் காதில் கீக் கீக் என்றது. இன்னொரு கால். எடுத்துப் பார்த்தாள். அப்பா. அவருக்கும் இதே நேரம்தான் பிரேக் என்பது அவள் கணக்கில் வராத விஷயம். இதுவரை ஒரு நாளும் இந்த இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அவளுக்குப் போன் செய்ததில்லை.

“இரும்மா,” என்று இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தாள்.

“கவி, சாப்ட்டியாம்மா?” என்றார் அப்பா.

“அவ சாப்ட்டா. நீ இன்னா சாப்ட்ட?” என்றாள் அம்மா.

பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது, இரண்டு கேன்டீனிலிருந்தும்.

“ரஞ்சனியா?”

“ஆமா, நாந்தான். ராத்திரி ஜங்ஷன்ல எறங்குனா அங்கியே நில்லு. என் பஸ்ஸும் அப்பதான் வரும். சேந்து நடந்து போலாம்.”

கவிப்பிரியா போனைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.